சமையல் மேடைக்கு அடியில் வாஷிங் மெஷின்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

முதலில் ஒரு கணக்கு. கடையில் விற்கும் ஃப்ரண்ட் லோட் மெஷின் பெரும்பாலும் 60 செ.மீ. அகலம், 85 செ.மீ. உயரம். அங்குலத்தில் 33.5. சென்னை அபார்ட்மென்ட்களில் பில்டர் போட்டுக் கொடுக்கும் சமையல் மேடை பொதுவாக 32-லிருந்து 34 அங்குலத்துக்குள் நின்றுவிடும். 34 என்றே வைத்துக்கொண்டாலும் 86.4 செ.மீ. அதில் கிரானைட் 2 செ.மீ. போனால் மிச்சம் 84.4. ஒரு சென்டிமீட்டர் கூட இல்லை வித்தியாசம், ஆனால் மெஷின் உள்ளே போகாது. கிரானைட்டுக்கு அடியில் கடப்பா பலகையும் இருந்தால் பேச்சே வேண்டாம்.

எங்கள் ஃப்ளாட்டில் சர்வீஸ் ஏரியா என்று பிளானில் காட்டிய இடத்தில் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் திரும்ப முடியாது. பாத்ரூமில் வைத்தால் எந்நேரமும் ஈரம். பால்கனியில் மேற்கு வெயில், மழைக்காலத்தில் சாரல். அதனால் மாடுலர் கிச்சன் போடும்போதே மெஷினை உள்ளே கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். லண்டனில் இருக்கும் அக்காவிடம் சொன்னபோது, "இதுல என்னடா அதிசயம், இங்க பாதிப் பேர் வீட்டுல கிச்சன்லதான் இருக்கு" என்றாள். அங்கே பாத்ரூமில் சாதாரண பிளக் பாயின்ட் வைக்க விதிகள் பெரும்பாலும் இடம் தருவதில்லை. அதனால் மெஷின் சின்க் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. அவர்கள் மேடை உயரமும் 90 செ.மீ. வாக்கில் இருப்பதால் 85 செ.மீ. மெஷின் தாராளமாக நுழையும்.

நம் வீட்டிலும் மேடையை 36 அங்குலத்துக்கு உயர்த்தினால் கதை முடிந்தது. ஆனால் அந்த மேடையில் அடுப்பை வைத்து, அதன் மேல் குக்கரை வைத்து, அம்மா உயரத்துக்கு எட்டிப் பார்த்துக் கிளற வேண்டும். தோள்பட்டை போய்விடும். எல் வடிவ மேடையில் அடுப்பும் சின்க்கும் இருக்கும் நீளப் பகுதியை 33 அங்குலத்திலேயே விட்டு, சின்க்குக்கு அடுத்துத் திரும்பும் குட்டைப் பகுதியை மட்டும் 36-க்குத் தூக்கினோம். நடுவில் மூன்று அங்குலப் படி. பார்க்கிறவர்கள் "ஏன் இப்படி?" என்று கேட்காமல் போவதில்லை. எங்களுக்கு அந்தப் படி பழகிவிட்டது. சின்க் பக்கம் சிதறும் தண்ணீர் இந்தப் பக்கம் ஏறுவதில்லை. மிக்ஸி, காபி ஃபில்டர், பிரட் எல்லாம் காய்ந்த மேடையில் இருக்கின்றன.

அகலத்துக்கு 63 செ.மீ. விட்டோம். இருபுறமும் ஒன்றரை சென்டிமீட்டர் காற்று. கார்பென்டர் இதை வீண் இடைவெளி என்று நினைத்தார். ஸ்பின் ஓடும்போது மெஷினின் உடம்பு பக்கப் பலகையைத் தொட்டால் சத்தம் முழு கிச்சனுக்கும் போகும் என்று சொல்லியும், "ஒரு பீடிங் அடிச்சு மூடிடலாம் சார்" என்று, மெல்லிய மரச்சட்டம் ஒன்றைக் காட்டி, கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார். கீழே பலகை போட்டு முழுப் பெட்டியாக அடிக்கும் யோசனையும் அவருடையதுதான். அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளே இருக்கும் எடைக்கட்டிகளோடு சேர்த்து மெஷின் 70 கிலோ வரை வரும். அது தரை டைல்ஸ் மேல் நேராக நிற்பதுதான் நியாயம். நாலு காலையும் திருகி, ரசமட்டம் வைத்து, மூலைக்கு மூலை அழுத்திப் பார்த்து, ஆடவில்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே தள்ளினோம். வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் பின்னால் போட்டிருக்கும் டிரான்சிட் போல்ட்களை டெக்னீஷியன் கழற்றிவிட்டாரா என்று பார்த்துக்கொள்வதும் அந்த நேரத்தில்தான்.

ஆழத்தில்தான் பலர் இடறுவார்கள். மேடை ஆழம் வழக்கமாக 24 அங்குலம், அதாவது 61 செ.மீ. எட்டு கிலோ மெஷின்கள் பலவற்றின் உடம்பே 55-லிருந்து 60 செ.மீ. வரும். பின்னால் ஹோஸ் மடியாமல் இருக்க ஐந்தாறு சென்டிமீட்டர். முன்னால் கண்ணாடிக் கதவின் புடைப்பு. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ஆழத்தில் இந்தப் புடைப்பு சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாங்கள் 26 அங்குல ஆழத்துக்கு கிரானைட் வாங்கி, ஆழம் குறைந்த ஏழு கிலோ மெஷின் எடுத்தோம். நாலு பேருக்கு ஏழு கிலோ போதும். கனமான போர்வை என்றால் ஒன்றுதான் போகும்.

குழாய் வேலையில் நான் பிடிவாதமாக இருந்தது மூன்று இடத்தில். தண்ணீர் வரும் ஆங்கிள் காக், 16 ஆம்பியர் பிளக் பாயின்ட், கழிவு ஹோஸ் போய்ச் சேரும் குழாய் மூன்றும் மெஷினுக்குப் பின்னால் வேண்டாம். சின்க்குக்கு அடியில் இருக்கும் கப்போர்டில் வரட்டும், பிளக் மட்டும் குழாய்க்கு எட்டாத மேல் மூலையில் இருக்கட்டும் என்றேன். பக்கப் பலகையில் மூன்று அங்குலத் துளை போட்டு ஹோஸும் ஒயரும் அந்தப் பக்கம் போகின்றன. ஊருக்குக் கிளம்பும்போது கப்போர்டைத் திறந்து தண்ணீர் வரும் குழாயை மூடி, சுவிட்சை அணைத்தால் வேலை முடிந்தது. எங்கள் ஏரியா போர் தண்ணீரில் நுண்மணல் உண்டு. ஹோஸின் வாயில் இருக்கும் சின்ன வலை அடைத்துக்கொண்டால் மெஷின் தண்ணீர் வரவில்லை என்று கத்தும். குழாய்ப் பக்கம் இன்னொரு வலை போட்டிருப்பதால் மெஷினை இழுக்காமலே கழுவிவிட முடிகிறது. மெஷினுக்குள் இருக்கும் ஹீட்டர் ஓடும்போது 2,000 வாட் இழுக்கும் என்பதால் அதற்கு வீட்டின் மெயின் சுவிட்சுகள் இருக்கும் டி.பி. பாக்ஸிலிருந்து தனி லைன். மைக்ரோவேவோடு ஒரே லைனில் கொடுத்த வீடுகளில் சுடுதண்ணீர் சைக்கிள் ஓடும்போதெல்லாம் டிரிப் ஆவதைப் பார்த்திருக்கிறேன்.

கழிவு ஹோஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். பிளம்பருக்கு அதைத் தரையோடு தரையாகக் கொண்டுபோய் ஃப்ளோர் டிராப்பில், அதாவது தரையில் தண்ணீர் இறங்கும் துவாரத்தில், விட ஆசை. அப்படி விட்டால் உள்ளே ஏறும் தண்ணீர் தானாகவே இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். மெஷின் நிரப்ப நிரப்பக் காலியாகும். மேனுவலில் 60 செ.மீ.க்கு மேல், 100 செ.மீ.க்குள் ஹோஸை ஒரு வளைவாகத் தூக்கிவிடச் சொல்லியிருப்பார்கள். அது காரணத்தோடு சொன்னது. சின்க் குழாயில் சேர்ப்பது இன்னொரு வழி. சின்க்கின் டிராப்பில் இதற்கென்றே முனை இருப்பது கிடைக்கும். ஆனால் அந்தக் குழாய் கொஞ்சம் அடைத்திருந்தாலும் மெஷின் வேகமாகத் தள்ளும் சோப்புத் தண்ணீர் மேலே ஏறி, கழுவி வைத்த பாத்திரத்தின் நடுவே நுரையாக எழும்பும். கீழ் வீட்டில் இது நடந்தது. நாங்கள் தனிக் குழாய், தனி டிராப் போட்டோம். சுவரைக் கொஞ்சம் கூடுதலாகக் கொத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இப்போது ஷட்டர். டிசைனர் போட்ட படத்தில் மெஷின் கண்ணுக்கே தெரியாது; மற்ற கப்போர்டுகளைப் போலவே ஒரு சந்தன நிறக் கதவு. படத்தில் அழகுதான். புழக்கத்தில் இந்தக் கதவு ஒன்றுதான் இந்த ஏற்பாட்டில் சரிவராத விஷயம். சாதாரணக் கீல் 110 டிகிரி வரைதான் திறக்கும். மெஷினின் வட்டக் கதவு அதில் போய் இடித்துக்கொண்டு, பெட்ஷீட்டை வெளியே எடுக்கவே வழி விடாமல் நிற்கும். 165 டிகிரி கீல் மாற்றிய பிறகு திறப்பது சரியானது. மூடுவதுதான் தீராத தொல்லை. துவைத்து முடித்ததும் கதவு வாயைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம், அதாவது காஸ்கெட், காயும்வரை மெஷின் கதவைத் திறந்து வைக்க வேண்டும். உள்கதவு திறந்திருந்தால் வெளிக்கதவை மூட முடியாது. வெளிக்கதவை மூட வேண்டுமென்றால் உள்கதவைச் சாத்தியாக வேண்டும். சாத்திச் சாத்தி காஸ்கெட் மடிப்பில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. ஐப்பசி, கார்த்திகையில் டிரம்மைத் திறந்தாலே முக்கல் நாற்றம். 60 டிகிரி காட்டன் சைக்கிள் ஓட்டினால் உள்ளே சூடும் ஆவியும் நின்று, ஷட்டரின் உள்பக்க லேமினேட் கீழ் ஓரத்தில் உப்பியது. பலகை 710 கிரேடு மரைன் பிளை என்பதால் மரம் தப்பித்தது, மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையாக இருந்திருந்தால் ஊறி உப்பியிருக்கும். ஒரு நாள் ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்றி லாஃப்ட்டில் ஏற்றிவிட்டோம். அன்றிலிருந்து நாற்றம் இல்லை. வெள்ளை மெஷின் வெளியே தெரிகிறது. தெரியட்டும்.

கதவோடுதான் வேண்டும் என்பவர்களுக்கு முழு பில்ட்-இன் மாடல்கள் இருக்கின்றன. உயரம் 82 செ.மீ. வாக்கில், ஷட்டரை மெஷின் முகத்திலேயே கீல் வைத்துப் பொருத்த இடம், கீழே ஸ்கர்ட்டிங்குக்கான (தரையோரம் மறைக்கும் பலகைக்கான) வெட்டு எல்லாம் இருக்கும். விலை அதிகம், மாடல் குறைவு. நாளைக்கு மாற்ற நேர்ந்தால் மறுபடி அதே வகையைத் தேட வேண்டும். அந்த ஈரப் பிரச்சினையும் அதில் காணாமல் போய்விடாது.

ஸ்கர்ட்டிங் விஷயத்தில் மட்டும் கார்பென்டர் நல்ல யோசனை சொன்னார். பம்ப் ஃபில்டர் மெஷினின் கீழ் மூலையில் இருக்கிறது. அங்கே ஆணி அடித்து மூடாமல், கையால் இழுத்தால் வந்துவிடும் கிளிப் வைத்துக் கொடுத்தார். ஃபில்டரைத் திறக்கும்போதெல்லாம் ஒரு தட்டு தண்ணீர் வெளியே வரும். ஹேர்பின், சில்லறை, பையனின் ஜியோமெட்ரி பாக்ஸ் சாமான் என்று ஏதாவது ஒன்று கூடவே வரும். ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவே எலி நுழையாமல் கம்பி வலை ஒன்று. கிச்சன் என்பதால் எலிக்கும் கரப்பானுக்கும் இங்கே வேறு கவர்ச்சிகள் உண்டு. எலி கடித்த ஒயருக்கு வாரன்டி பெரும்பாலும் வாய் திறக்காது.

அம்மாவின் ஆட்சேபம் வேறு. "ஏம்ப்பா, சோறு பொங்குற எடத்துல கொண்டாந்து அழுக்குத் துணியப் போடுவியா?" என்று ஆரம்பத்தில் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவரே ஒரு சட்டம் போட்டார். அழுக்குக் கூடை கிச்சனுக்குள் வரக்கூடாது. சமையல் முடிந்து மேடை துடைத்த பிறகுதான் துணி உள்ளே வரும். சோப் லிக்விட் அரிசி, பருப்பு இருக்கும் பக்கமே தலைகாட்டக் கூடாது. சுத்தம் என்று பார்த்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. இன்று வரை அப்படியே நடக்கிறது.

அவர் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. மெஷின் கதவைத் திறந்துவைத்தால்தான் காஸ்கெட் காயும் என்றேன் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுக்கும்போது திறந்திருந்தால், மறுநாள் ஆபீஸ் சட்டையில் லேசாக மீன் மணக்கும். சிம்னி ஓடினாலும் தப்பவில்லை. இப்போது ஞாயிறு காலை மட்டும் காஸ்கெட்டைத் துணியால் துடைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம். துவைத்த துணியை டிரம்மிலேயே விட்டுவைப்பதும் கூடாது. தாளிப்பு மணம் ஈரத் துணியில் சீக்கிரம் ஏறும்.

சத்தம் பற்றிக் கேட்பார்கள். துவைக்கும்போது பேச்சுக்கு இடைஞ்சல் இல்லை. நிமிடத்துக்கு 1,200 சுற்று ஸ்பின் எடுக்கும்போது மேடை மேல் கவிழ்த்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். இரவில் ஓட்டினால் 800-க்குக் குறைத்துவிடுவேன். கீழே அதிர்வு தாங்கும் ரப்பர் பேட் வைக்கலாமே என்றால், அதற்கும் உயரம் வேண்டும். மேலே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். சக்கரம் வைத்த ஸ்டாண்ட் மேடைக்கு அடியில் நடக்காத காரியம்.

கிரானைட் ஓரத்தில் வழியும் தண்ணீர் நேரே மெஷினின் பட்டன் மேல் இறங்கும். ஓரத்தின் அடிப்பக்கம் மெல்லிய காடி ஒன்று இழுக்கச் சொன்னால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், பின்னால் ஓடாது. எங்கள் கல்காரர் கேட்காமலே இழுத்துக் கொடுத்தார். அப்படியும் தோசை மாவு இரண்டு மூன்று முறை டயலில் காய்ந்து ஒட்டியிருக்கிறது. ஈரத் துணியை வைத்து ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும், கத்தியால் சுரண்டக் கூடாது.

மாடுலர் கிச்சனே புதிதாகப் போடுகிறவர்கள், சர்வீஸ் ஏரியா இல்லாதவர்கள் தயங்காமல் செய்யலாம். மெஷினை முதலில் வாங்கி வீட்டில் நிறுத்திவிட்டு அப்புறம் கார்பென்டரை அளவெடுக்கக் கூப்பிடுங்கள். கேட்டலாக் பார்த்து அளவு சொல்ல வேண்டாம். பழைய வீட்டில், செங்குத்துக் கடப்பா பலகைகளின் மேல் கல் உட்கார்ந்திருக்கும் மேடையென்றால் நடுப் பலகையை அறுத்து இடம் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேல் கல்லைத் தாங்குவதே அந்தப் பலகைதான். அந்த வீட்டுக்கு பால்கனியில் ஒரு ஷீட் கூரை போட்டு மெஷினை அங்கே வைப்பதே போதும்.