மாமா டென்னிஸ் ஆடியதில்லை

மூன்று வாரம் கோபியில் இருந்தேன். கல்யாணம், கோயில், பவானி ஆற்றுக் குளியல் எல்லாம் குறையில்லை, அதை விடுங்கள். ஸ்கேன் கவர் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

மொபெட்டிலிருந்து விழுந்த மாமா, இரண்டு மாதமாகக் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் கிடக்கிறார். கண் திறக்கிறார், கூப்பிட்டால் திரும்புவதில்லை. கனடாவில், எங்கள் ஒன்டாரியோவில் அவசரமில்லாத எம்.ஆர்.ஐ. என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே காலையில் பணம் கட்டினேன், மதியம் எடுத்துவிட்டார்கள். மெச்சிக்கொண்டேன். அப்புறம்தான் கூத்து. பிலிமுக்கு ஒரு கவுண்டர், ரிப்போர்ட்டுக்கு இன்னொன்று, எங்கே போனாலும் "சாயங்காலம் வாங்க". இரண்டு நாள் அலைந்து வாங்கிய பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "அடிபட்ட இடம் தெரியுதுங்க. நெனவு இருக்கான்னு இதுல தெரியாதுங்க" என்றார்.

அதற்குத்தானே ஐயா அலைந்தேன்!

என் மனதில் இருந்தது எஃப்.எம்.ஆர்.ஐ., அதாவது நினைக்கும்போது மூளையில் எங்கே ரத்த ஓட்டம் கூடுகிறது என்று காட்டும் ஸ்கேன். பின்னாளில் ஒன்டாரியோவுக்கே வந்துவிட்ட ஏட்ரியன் ஓவன் என்ற மூளை ஆராய்ச்சியாளர், 2006-ல் இங்கிலாந்தில் செய்த காரியம் அது. உணர்வே இல்லை என்று முடிவுகட்டிய 23 வயதுப் பெண்ணிடம், ஸ்கேனருக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொன்னார்கள், வீட்டுக்குள் நடப்பதாக நினைக்கச் சொன்னார்கள். நல்லபடி இருப்பவர்களுக்கு மூளையில் எங்கெங்கே ரத்த ஓட்டம் கூடுமோ, அங்கேயே அவளுக்கும் கூடியது. 2024-ல் வந்த ஆய்வில், சொன்னதற்கு அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை இந்த ஸ்கேனிலோ, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.யிலோ பதில் சொல்லியிருக்கிறது. நாலில் ஒருவர்! எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

மாமா டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை. மஞ்சக்காட்டுக்கு மடை திருப்பச் சொல்லலாம், தொட்டிக்கட்டு வீட்டில் ஆசாரத்திலிருந்து சமையல்கட்டு வரை நடக்கச் சொல்லலாம் என்று ராத்திரி முழுக்க எழுதிவைத்தேன். கவுண்டரில் எஃப்.எம்.ஆர்.ஐ. கேட்டதற்கு, "அது மூளைக்கட்டி ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்கறதுங்க" என்று முடித்துவிட்டார்கள். ஒன்டாரியோவிலும் இது ஆராய்ச்சிக்கூடச் சமாச்சாரம்தான், கோபத்தில் மறந்துவிட்டேன்.

அன்று ராத்திரி டூட்டியில் சத்தியமங்கலத்து சிஸ்டர் ஒருவர். "ஏனுங்ணா, இதப் பாருங்க" என்று கைக்கண்ணாடியை மாமா முகத்துக்கு நேரே பிடித்து மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினார். கண் கூடவே போனது. வலப்பக்கம், அங்கேயும் வந்தது. "என்ற கையப் பாக்க மாட்டாருங்க, தன்ற மூஞ்சின்னா பாக்கறாருங்க." ஒரு வாரமாகக் கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார், யாரும் படிக்கவில்லை. படுக்கையோரப் பரிசோதனையில் கண்ணாடி முறைப்படியே உண்டாம், கண் தொடர்ந்தால் கொஞ்சம் நினைவு இருப்பதன் அடையாளமாம். பிறகுதான் படித்தேன்.

மறுநாள் டாக்டரும் கண்ணாடியை வாங்கிப் பார்த்து ஒரு வரி மாற்றி எழுதினார். அதற்குள் அத்தை மாமாவிடம் மஞ்சள் விலை சொல்ல ஆரம்பித்திருந்தார். சிஸ்டருக்குப் புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். பழையதை அத்தை திருப்பித் தருவதாக இல்லை.