தையல் கோப்பைக்கு அடித்தளம்: துணியா, கரையும் தாளா?

கோப்பை, சாவிக்கொத்து, பழைய செருப்பு என்று அன்றாடப் பொருள்களை மெஷின் எம்பிராய்டரியில் உருவாக்கத் தொடங்குபவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: துணியின்மேல் தைப்பதா, தைத்தபின் தண்ணீரில் கரைந்து நூலை மட்டும் மிச்சம் வைக்கும் தாளின்மேல் தைப்பதா? எதை எடுத்தாலும் மெஷினில் ஊசிக்கடியில் துணியை நகர்த்தும் பற்களை இறக்கிவிட்டு, கையால் நகர்த்தியே தைக்க வேண்டும்.

செலவு: துணிக்குப் பழைய பருத்தித் துண்டே போதும். தாளையோ காசு கொடுத்து வாங்கித் தண்ணீரில் கரைக்க வேண்டும்.

உழைப்பு: துணியில் இடைவெளி விட்டால் அடித்துணி தெரியும், அவ்வளவுதான். தாளில் ஒவ்வொரு நூலும் இன்னொன்றைக் குறுக்கே பிடித்திருக்க வேண்டும். முதலில் வலைபோல் கட்டம் கட்டமாகத் தைத்து, அதன்மேல் நிறம் நிரப்புங்கள். வலையை மறந்து தண்ணீரில் முக்கினால் மிஞ்சுவது நூல் சிக்கல்தான். என் முதல் கோப்பை அப்படித்தான் போனது.

வடிவம்: இங்கே என் ஓட்டு தாளுக்கு. முழுவதும் அலசாமல் கரைந்த தாளின் பசையைச் சற்றே விட்டுவைத்து, உண்மையான கோப்பையின்மேல் போர்த்திக் காயவைத்தால் அந்த வளைவிலேயே விறைத்து நிற்கும். துணியை வெட்டி மூட்டினால்தான் வளைவு வரும். மூட்டு கண்ணில் படும்.

உறுதி: துணி. தாள் தந்த விறைப்பு ஈரம் பட்டால் தளர்ந்துவிடும்.

செருப்பு, பணப்பை போல எடுத்துப் பார்க்கப்படும் பொருளுக்குத் துணி. ஒளி ஊடுருவ வேண்டிய கண்ணாடி டம்ளருக்குக் கரையும் தாள்.