பாடநூலும் கல்வெட்டும்: வீட்டுவழிக் கல்வியில் மூன்றாண்டு வரலாற்றுப் பாடம்

மதுரையில் வசிக்கும் எங்கள் வீட்டில் மகளும் மகனும் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள். வரலாற்றுக்குத் தமிழ்நாடு அரசின் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் நூல்களை அடிப்படையாக வைத்துக்கொண்டு, அவற்றோடு கல்வெட்டுப் பாடங்கள், சங்கப் பாடல்கள், அருங்காட்சியகப் பயணங்கள், வீட்டுச் செயல்பாடுகள் எனச் சிலவற்றைச் சேர்த்துவந்தோம். மூன்று வகுப்புப் பாடங்களும் முடிந்துவிட்ட இந்த நேரத்தில், சேர்த்தவற்றுள் எது பிள்ளைகளிடம் நிலைத்தது, எது நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது என்பதை, ஹோம்ஸ்கூலிங்கில் வரலாற்றை எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை நூலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2018 முதல் புதிதாக எழுதி வெளியிடப்பட்ட இந்தப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. படங்களும் வரைபடங்களும் தரமாக இருக்கின்றன. வரலாறு என்றால் என்ன என்ற கேள்வியில் தொடங்கி, மனிதப் பரிணாமம், சிந்துவெளி, தமிழ்நாட்டின் பண்டைய நகரங்கள் என்று ஆறாம் வகுப்பு நூல் செல்லும் வரிசை எங்களுக்கு மிகவும் பொருந்தியது. காலவரிசை குலையாமல் மூன்றாண்டுக்கு ஒரு சரடு கிடைப்பதற்காகவே இந்த நூல்களை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் ஒரு பேரரசின் இருநூறு ஆண்டுகளைச் சில பக்கங்களில் சொல்ல வேண்டியிருப்பதால், வாக்கியங்கள் எல்லாம் முடிந்த முடிவுகளாகவே வந்து விழுகின்றன. இன்ன அரசர் இன்ன போரில் வென்றார் என்று இருக்குமே தவிர, அது நமக்கு எதிலிருந்து தெரியவந்தது என்பது பெரும்பாலும் ஓரிரு சொற்களில் முடிந்துவிடும். எனவே, கூடுதலாகச் சேர்க்கும் எதுவும் "இது நமக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்குப் பிள்ளைகள் தாமே விடை தேட உதவ வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். இந்த அளவுகோலுக்கு உட்படாத நூல்களையும் செயல்பாடுகளையும் போகப்போகக் கைவிட்டோம்.

அதிகப் பலன் தந்தது, தமிழி என்றும் தமிழ்-பிராமி என்றும் அழைக்கப்படும் பண்டைத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டதுதான். 'க' ஒரு கூட்டல் குறி. 'ந' தலைகீழாக நிற்கும் ஆங்கில 'T'. 'ப' ஏறக்குறைய ஆங்கில 'U'. ழ, ள, ற, ன ஆகிய நான்குக்கும் தனி வடிவங்கள் உண்டு. ஓர் அட்டையில் எழுத்து அட்டவணையை எழுதிச் சுவரில் ஒட்டிய சில வாரங்களில், மகன் தன் பெயரையும் வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் நோட்டின் மேலட்டையில் எழுதத் தொடங்கிவிட்டான். அதன்பின் மேலூர்ப் பக்கம் உள்ள மாங்குளம் மலைக்குச் சென்றோம். 1882இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்து, பிறகு கே.வி. சுப்பிரமணிய ஐயர், ஐராவதம் மகாதேவன் போன்றோரின் உழைப்பால் தமிழ் என்று தெளிவாகப் படித்தறியப்பட்ட கல்வெட்டுகள் அந்தக் குகைத்தளங்களில் இருக்கின்றன. பாறையின் நெற்றியில் வெட்டப்பட்ட எழுத்துகளை அண்ணாந்து பார்த்தபடி, கையிலிருந்த அச்சுப் பாடத்தோடு ஒப்பிட்டு, மகள் 'நெடுஞ்சழியன்' என்ற பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளராகிய கடலன் வழுதி, கணி நந்தன் என்ற சமணத் துறவிக்கு அந்தப் பள்ளியை (துறவியர் உறைவிடத்தை) குடைவித்துக் கொடுத்த செய்தி அது. சங்க காலப் பாண்டியர் என்று பாடநூலில் ஒரு பத்தியாக இருந்தவர்கள், அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டுப் பேச்சில் பெயரோடும் ஊரோடும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

மதுரைக்கு அருகே அகழாய்வு நடந்த கீழடியைப் பொறுத்தவரை, அங்குள்ள அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு முன் செய்த ஒரு சிறு வேலைதான் பயணத்தைப் பயனுள்ளதாக்கியது. 2019இல் வெளியான அகழாய்வு அறிக்கை, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 என்று சொல்கிறது. அளவு நாடாவை எடுத்து அந்த ஆழத்தைக் கூடத்துச் சுவரில் குறிக்கச் சொன்னேன். நாடா கூரையைத் தொட்டும் இன்னும் ஒன்றரை அடிக்கு மேல் மிச்சம் இருந்தது. இவ்வளவு மண் எப்படி மேலே சேர்ந்தது, அதே ஆழத்தில் கிடைக்கும் எல்லாப் பொருளும் அதே காலத்தைச் சேர்ந்தவைதானா, ஒரு மாதிரியின் காலத்தை வைத்து ஓர் ஊருக்கே காலம் சொல்லலாமா என்ற கேள்விகள் அங்கேயே எழுந்தன. அந்தக் கேள்விகளோடு 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குச் சென்றதால், பிள்ளைகள் காட்சிப் பேழைகளை ஒவ்வொன்றாக நின்று பார்த்தார்கள். 'ஆதன்' என்று கீறிய பானை ஓட்டை மகன் தானே படித்தான். பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகளைப் பார்த்ததும், தெருவில் பாண்டி ஆடும்போது எறிகிற சில்லு இதுதானே என்று உரக்கக் கேட்டுவிட்டான். முன்னேற்பாடு இல்லாமல், வெறும் சுற்றுலாவாகச் சென்ற வேறு சில அருங்காட்சியகங்களிலிருந்து இப்படி எதுவும் வீட்டுக்கு வரவில்லை.

செயல்பாடுகளில் எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிப்பது உத்திரமேரூர்க் குடவோலையை, அதாவது ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு ஊர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையை, அப்படியே நடத்திப் பார்த்ததை. பாடநூல் இதைச் சோழர் கால உள்ளாட்சி என்று சுருக்கமாகச் சொல்லி நகர்கிறது. முதல் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட இரண்டு கல்வெட்டுகளையும் அருகருகே வைத்துப் படித்தபோது பாடம் வேறாகிவிட்டது. முதல் கல்வெட்டில் போட்டியிடுவோரின் வயது 30 முதல் 60 வரை. இரண்டாண்டுகளுக்குப் பிறகு அது 35 முதல் 70 வரை என்று திருத்தப்பட்டிருக்கிறது. ஏன் திருத்தினார்கள் என்று மகள் நீண்ட நேரம் யோசித்து, முதல் தடவை வந்தவர்கள் ஏதோ தவறு செய்திருக்க வேண்டும் என்ற ஊகத்துக்கு வந்தாள். அதை ஊகம் என்று குறித்தே நோட்டில் எழுதவும் சொன்னேன்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, தென்னை ஓலையை நறுக்கிப் பெயர் எழுதி, குடும்பு (ஊரின் பகுதி) வாரியாகக் கட்டி, மண்பானையில் போட்டோம். உள்ளே இருப்பது தெரியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்ய வேண்டும், அதை வாங்குபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்று கல்வெட்டு சொல்கிறது. விரலை ஏன் விரிக்க வேண்டும் என்று கேட்ட ஒரு பையனுக்கு, வேறோர் ஓலையை விரலிடுக்கில் மறைத்து வைத்து மாற்றிவிட முடியும் என்பதை மகள் செய்து காட்டினாள். ஏமாற்றுவோர் இருந்தார்கள், அதற்குத் தடுப்பும் யோசித்திருக்கிறார்கள் என்பது அந்தக் கணத்தில் எல்லோருக்கும் விளங்கிற்று. அடுத்து, தகுதி விதிகளை வாசித்தோம். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும், கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய உறவினரும் கூடாது. ஒவ்வொரு விதியாக வாசிக்க வாசிக்க, அதற்கு உட்படாதவர்களின் ஓலைகளை எடுத்து வெளியே வைத்தோம். பானையில் மிஞ்சியவை மிகச் சில. பெண் பிள்ளைகளின் ஓலை ஒன்றுகூட இல்லை. இதை மக்களாட்சி என்று சொல்லலாமா என்பதைப் பற்றி அன்று பிள்ளைகள் நடத்திய விவாதத்தை எந்த வினாத்தாளும் தந்திருக்காது. அது பிராமணருக்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரமதேய ஊரின் சபை. நிலமற்றவரும் பெண்களும் அதற்குள் இல்லை. ஆயினும் கணக்குக் காட்டாதவரை விலக்கும் ஒழுங்கு அதில் இருந்தது. இவை மூன்றையும் ஒருசேர மனத்தில் வைத்துக்கொள்ளப் பிள்ளைகளால் முடிகிறது என்பதை அன்று கண்டேன்.

சங்க காலத்துக்குப் பின் தமிழகத்தை ஆண்ட களப்பிரர் பற்றிய பாடத்துக்கு வேள்விக்குடிச் செப்பேட்டை எடுத்துக்கொண்டோம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையனிடம் ஒருவர் வந்து, முதுகுடுமிப் பெருவழுதி தன் முன்னோருக்கு அளித்த ஊர் களப்பிரரால் பறிபோயிற்று என்று முறையிட, பழைய உரிமையை மெய்ப்பித்துப் பெற்றுக்கொள் என்று அரசன் சொன்னதாகச் செப்பேடு கூறுகிறது. களப்பிரனைக் 'கலியரசன்' என்று பழிப்பதும் அதே செப்பேடுதான். இழந்தவரின் வழக்கிலிருந்து இழக்கச் செய்தவரைப் பற்றி அறிகிறோம் என்பதைப் புரியவைக்க, களப்பிர அரசன் ஒரு செப்பேடு வெளியிட்டிருந்தால் அதில் என்ன எழுதியிருப்பான் என்று எழுதச் சொன்னேன். மகள் எழுதிய ஒரு பக்கத்தை இன்றும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

இலக்கியத்தைச் சேர்த்தபோது, முழு நூல்களைத் தேடிப் போகாமல் சில அடிகளை மட்டும் எடுத்துக்கொண்டது நல்ல பலன் தந்தது. பட்டினப்பாலையில் புகார்த் துறைமுகப் பொருள்களைச் சொல்லும் அடிகளைப் படித்து, நீரின் வந்த புரவி, கருங்கறி (மிளகு) மூடை, வடமலையின் மணியும் பொன்னும், குடமலையின் (மேற்கு மலையின்) ஆரமும் (சந்தனமும்) அகிலும், தென்கடல் முத்து, குணகடல் (கீழ்க்கடல்) துகிர் (பவளம்), கங்கை வாரி, ஈழத்து உணவு, காழகத்து ஆக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் பெரிய வரைபடத்தில் நூல் கட்டினோம். காழகத்துக்கு எங்கே ஊசி குத்துவது என்ற கேள்வி வந்தபோது, அது கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) என்று உரையாசிரியர் தரும் விளக்கத்தைக் காட்டிப் பென்சிலால் வட்டமிடச் செய்தேன். வாணிகம் பற்றிய பாடம் அந்த வரைபடத்தால் பதிந்ததுபோல் வேறு எதனாலும் பதியவில்லை.

வரலாற்றுப் புதினங்களைப் பற்றி என் கருத்து சற்றுக் கண்டிப்பானது. ஆர்வம் ஊட்டுவதில் அவற்றுக்கு இணை இல்லை. மகள் சோழர்களை நேசிக்கத் தொடங்கியதே அவற்றால்தான். ஆனால் புதினத்தில் வரும் உரையாடலும் நோக்கமும் நடந்தவையாகவே மனத்தில் தங்கிவிடுகின்றன. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையைச் சுற்றிய கதைகளைப் படித்தவளுக்கு, கொலையாளிகளின் நிலங்களைப் பறிமுதல் செய்ததைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டை உடனே படிக்கக் கொடுத்தேன். அவர்களுடைய பெயர்களும் நிலமும் அதில் இருக்கின்றன, காரணம் இல்லை என்பதை அவளே கண்டு சொன்னாள். புதினம் கொடுப்பதாக இருந்தால், அதனோடு தொடர்புடைய ஓர் ஆவணத்தையும் சேர்த்தே கொடுப்பது நல்லது.

களிமண் முத்திரை செய்வது, அட்டையில் கோட்டை கட்டுவது போன்ற கைவேலைகள் இளையவனுக்கு மகிழ்ச்சி தந்தன. செலவான நேரத்தோடு ஒப்பிட்டால் வரலாறு என்ற அளவில் கிடைத்தது குறைவு. காணொளிகள் திரும்பிப் பார்க்க உதவின, அவ்வளவே.

எட்டாம் வகுப்பின் ஐரோப்பியர் காலத்துக்கு வந்தபோது வீட்டிலேயே ஒரு மூலாதாரம் இருந்தது. பிள்ளைகளின் அப்பத்தா, தன் பாட்டி சொல்லக் கேட்ட 'தாது வருசப் பஞ்சம்' பற்றி அடிக்கடிப் பேசுவார். பாடநூலில் வரும் 1876–78 பஞ்சமும் இதுவும் ஒன்றா என்று மகன் கேட்டான். அறுபது தமிழ் ஆண்டுகளின் பட்டியலை எழுதி, தாது எப்போதெல்லாம் வந்தது என்று பின்னோக்கி எண்ணச் சொன்னேன். 1996, 1936, 1876 என்று வந்தது. அப்பத்தாவின் வயதையும் அவர் பாட்டியின் வயதையும் வைத்துக் கணக்கிட்டு, 1876தான் பொருந்தும் என்று அவனே முடிவு செய்தான். பிறகு அப்பத்தா சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு, எது அவர் கண்டது, எது கேட்டது என்று இரண்டு வண்ண மையில் பிரித்துக் குறித்தான். காந்தி 1921 செப்டம்பரில் மதுரையில் உடையை மாற்றிக்கொண்டதைப் படித்தபின், மேலமாசி வீதிக்கும் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இயங்கும் காந்தி அருங்காட்சியகத்துக்கும் போய்வந்தது அந்தப் பகுதிக்குப் போதுமானதாக இருந்தது.

நடைமுறையில், ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு பாடங்களை மட்டும் விரிவாக எடுத்து, மற்றவற்றைப் பாடநூலோடு முடித்துக்கொண்டோம். எல்லாப் பாடத்துக்கும் துணை சேர்த்தால், காலவரிசையின் சரடு அறுந்து பாடத்திட்டமே நின்றுபோகும், பிள்ளைகளும் களைத்துவிடுவார்கள். கூடத்துச் சுவரில் நீளமாக ஒட்டிய காலக்கோடு இந்த இடைவெளிகளை இணைத்தது. வயது வித்தியாசத்தைச் சமாளிக்க, மூத்தவள் ஆவணத்தைப் படித்துச் சொல்ல, இளையவன் கேள்வி கேட்பது என்று பிரித்துக்கொண்டோம். அடுத்து மகள் என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத இருப்பதால் உலக வரலாற்றைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அரசுப் பாடநூல்களின் இந்த மூன்று வகுப்புகளிலும் அதற்கு இடம் குறைவு.

மதுரையைச் சுற்றிக் குன்றுதோறும் கல்வெட்டு இருப்பது எங்களுக்கு வாய்ப்பு என்பது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டின் பெரும்பாலான வட்டாரங்களில் கல்வெட்டுள்ள ஒரு பழங்கோயிலாவது இருக்கும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கும் தொல்லியல் நூல்களிலும் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள். கோயிலுக்குப் போகும் முன்பே பாடத்தை அச்செடுத்து, வருகிற அரசர் பெயரையும் ஆட்சியாண்டையும் பிள்ளைகள் அடிக்கோடிட்டுக்கொள்ளட்டும். சுவரில் அந்த வரியைத் தேடிக் கண்டுபிடிக்கக் காலை வெயில் சாய்வாக விழும் நேரம் ஏற்றது. உச்சிவேளையில் எழுத்து தெரியாது.