குக் கவுண்டி நீதிமன்றம்: எந்தக் கட்டடத்துக்குப் போவது?

சிகாகோ புறநகரான ஷாம்பர்கில் டிராஃபிக் டிக்கெட் வாங்கிய மச்சான், கோர்ட் என்றாலே சிகாகோ டவுன்டவுன் என்று கிளம்பிவிட்டார். பிடித்து, அந்தப் பகுதிக்கான கோர்ட் இருக்கும் ரோலிங் மெடோஸுக்கு அழைத்துப் போனேன். போக வேண்டிய இடம் டிக்கெட்டிலேயே இருக்கும், யாரும் பார்ப்பதில்லை!

இல்லினாயின் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. குக் கவுண்டி என்பது சிகாகோவும் அதன் புறநகர்களும் அடங்கிய நிர்வாகப் பகுதி. 1964-க்கு முன் அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தனி கோர்ட்டுகள். இப்போது ஒரே சர்க்யூட் கோர்ட் (முதல்நிலை விசாரணை நீதிமன்றம்), அதற்குள் ஆறு கோர்ட் மாவட்டங்கள். சிகாகோ நகரம் முதல் மாவட்டம். அதற்கு டவுன்டவுனில் டேலி சென்டர் கட்டடம், வாசலில் பிக்காசோ சிற்பம். புறநகருக்கு ஸ்கோக்கி, ரோலிங் மெடோஸ், மேவுட், பிரிட்ஜ்வியூ, மார்க்கம். டிக்கெட்டுக்கு நீங்கள் குடியிருக்கும் ஊர் முக்கியமில்லை, மாட்டிய ஊர்தான் கணக்கு. 10,000 டாலர் வரையிலான சிறு வழக்குகளும் இந்தப் புறநகர்க் கட்டடங்களில் நடக்கின்றன. டவுன்டவுன் பார்க்கிங் கட்டணம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

குறை என்றால், கவுண்டி எல்லை தாண்டினால் எல்லாம் மாறிவிடும். வீட்டன் என்ற ஊரில் மாட்டினால் டூபேஜ் கவுண்டி. அது வேறு சர்க்யூட், வேறு கிளார்க் (கோர்ட் ஆவணங்களைக் கவனிப்பவர்), வேறு வெப்சைட். சிவில் வழக்குத் தாக்கல் மட்டும் 2018 முதல் மாநிலம் முழுக்க ஆன்லைன். ஐந்துக்கு நாலு ஸ்டார் தரலாம்.