வால்ஹெய்மும் என் இரும்புப் பிரச்சினையும்

பண்டாரவளையில் இருக்கிற சித்தி மகன் போன கிழமை கேட்டான்: "அண்ணே, வால்ஹெய்ம் விலை இறங்கியிருக்கு, வாங்கவா?" 2021-இல் இந்தக் கணினி விளையாட்டு வந்த கையோடு வாங்கி இன்றுவரை விளையாடுகிறவன் நான். ஆனாலும் சட்டென்று ஆமாம் சொல்ல வாய் வரவில்லை. காரணம் இரும்பு.

வீடு கட்டுவது, வேட்டை, அரைகுறைக் கவசத்தோடு சமவெளிக்குப் போனால் ஒரு கொசு ஒரே குத்தில் ஆளைச் சாய்ப்பது எல்லாம் அவனுக்கே தெரியும். இங்கே நுழைந்தால் தூரத்து இடத்தில் வெளியே விடுகிற மாய வாசல்தான் போர்ட்டல். அது வழியாக ஆள் போகலாம், மரம் போகலாம், இறைச்சி போகலாம். செம்பு, இரும்பு போன்ற உலோகங்கள் போகாது. சதுப்பு நிலத்துப் பாதாள அறையில் சேற்றுக் குவியலைக் கொத்தி எடுக்கிற இரும்புத் துண்டு ஒன்று 10 எடை. வெறுங்கையனால் தூக்க முடிந்ததே 300. கோடரி, கவசம் போக 20 துண்டிலேயே நடை தளர்ந்துவிடும். மழையில் நனைந்தால் தெம்பு திரும்பவும் நேரமாகும். தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஈரத்துக்கு எடை கழிக்கிற மாதிரி, இங்கேயும் ஒரு கழிவு!

அப்புறம் அத்தனையையும் படகில் ஏற்றி ஊர் சேர்க்க வேண்டும். 2022-இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் ஒரு ராத்திரி, லேப்டாப் பேட்டரியை நம்பி அப்படிக் கிளம்பினேன். ஹட்டனில் தகரத்தின் மேல் மழை, திரையிலும் மழை. எதிர்க்காற்று, பாய் சும்மா தொங்குகிறது, துடுப்புதான். பின்னால் கடல்பாம்பு தலை தூக்கியது. பேட்டரி 9 சதவீதம். பனிக்குள் என் வீட்டுத் தீப்பந்தம் மங்கலாகத் தெரிந்தபோது நிஜமாகவே எழுந்து நின்றுவிட்டேன்.

அந்த ஒரு ராத்திரிக்காக இந்தப் போர்ட்டல் தடையை நான் எல்லாரிடமும் வாதாடிக் காப்பாற்றியிருக்கிறேன். ஆனால் பாம்புக்குப் பயந்து தப்புவது ஒரு சவால். இருபது நிமிடம் துடுப்புப் போடுவது வெறும் வேலை. பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறவனுக்கு இன்னொரு வேலை எதற்கு?

2023 ஆகஸ்டில் வந்த அப்டேட்டில், போர்ட்டலில் உலோகத்தை விடுகிற வசதியும் வந்தது. கொஞ்ச நாள் வீம்பாக இருந்தேன். பிறகு ஒருநாள் திறந்துவிட்டேன். ஒரே மாலையில் பெட்டி பெட்டியாக இரும்பு வீடு வந்தது, கவசமும் தயார். அன்றிலிருந்து படகு துறையிலேயே கிடக்கிறது. சதுப்பு நிலம் இப்போது பின்வாசல் மாதிரி.

தம்பியிடம் "வாங்காதடா, நேரத்தைத் தின்னும்" என்றேன். அவன் அதற்குள் வாங்கிவிட்டான். நேற்று என் உலகத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டு முதலில் கேட்டது, "அண்ணே, போர்ட்டல்ல இரும்பு போகுமா?"

"போகாது" என்றேன். அவன் வருவதற்குள் போய் அந்த வசதியை மூடியும் விட்டேன். எனக்கு வேண்டிய இரும்புதான் வந்து சேர்ந்துவிட்டதே.