பூட்டிக் கிடந்த வீட்டில் வெந்நீர்: கீசரா, செம்பு பாய்லரா?

செட்டிநாட்டில் பல வீடுகள் வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று எல்லோரும் வந்து இறங்கும்போதுதான் வெந்நீர் நினைப்பே வரும்.

கீசருக்கு எடுத்தவுடன் சுவிட்ச் போடக் கூடாது. முதலில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஏற்றுங்கள். புஸ் புஸ்ஸென்று காற்று வெளியேறி, தண்ணீர் சீராக விழுந்த பிறகே கரண்ட். காலித் தொட்டியில் போட்டால் உள்ளே சூடேற்றும் காயில் (கம்பிச்சுருள்) கருகிவிடும். தேங்கிக் கிடந்த பழைய தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். அப்படியும் சூடாகவில்லையா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை ஒட்டி, சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் கட்-அவுட்டின் சின்னப் பொத்தான் இருக்கும். அவர் அதை அழுத்தினாலே சில சமயம் உயிர் வந்துவிடும். உப்புத் தண்ணீர் என்றால் காயில்மேல் சுண்ணாம்பு அப்பியிருக்கும். சூடேற நேரமாகும், கடகடவென்று சத்தமும் வரும்.

செம்பு பாய்லருக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. புளி போட்டுத் தேய்த்து, தண்ணீர் நிரப்பி, நடுக்குழலில் கொட்டாங்கச்சியைப் பற்றவைத்தால் ஆயிற்று. இதற்கும் தண்ணீர் முந்தி, நெருப்பு பிந்தி. மாற்றிச் செய்தால் தகடுகளைச் சேர்த்துப் பற்றுவைத்த இடம் விட்டு ஒழுகும். முற்றத்தில்தான் வைக்க வேண்டும். மூடிய குளியலறையில் அந்தப் புகை உயிருக்கே ஆபத்து.

கூட்டம் கூடும் வீட்டுக்கு என் ஓட்டு பாய்லருக்குத்தான். மொண்டு எடுக்க எடுக்க ஊற்றிக்கொண்டே இருக்கலாம். வாளி தூக்க முடியாத ஆச்சி மட்டும் இருக்கும் வீடென்றால், கீசரைச் சரிசெய்துவிடுங்கள்.