பிரிக்பீல்ட்ஸ் தொடர்பாற்றல் பட்டறை: காலைப் பாதிக்கே கொடுத்த காசு தகும்

சிறு வியாபாரிகளுக்காகத் தமிழிலேயே நடத்துகிறார்கள் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) விளம்பரம் வந்ததே, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில், அந்த ஒருநாள் பட்டறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். கட்டணம் 350 வெள்ளி, பசியாறலும் மதியச் சாப்பாடும் சேர்த்து. நாம் சொல்வது ஒன்று, வாடிக்கையாளர் மனத்தில் போய் உட்காருவது இன்னொன்று, நடுவில் அவரவர் வேலையும் பழக்கமும் பயமும் சல்லடையாக நிற்கின்றன என்பதுதான் அன்றைய பாடம்.

காலை வகுப்பு அருமை. எடுத்தவுடனே எல்லாருக்கும் ஒரு பக்கக் கடிதத்தைக் கொடுத்தார்கள், கிள்ளானில் நடந்த கல்யாண விருந்துக்குச் சாப்பாடு எடுத்த ஒருவர் எழுதிய புகார் மாதிரி. சாப்பாடு தாமதம், ரசம் ஆறிப்போனது, பில்லில் கூடுதல் தொகை, போனில் பேசிய பெண்ணின் தொனி, எல்லாம் அதில் இருந்தது. முக்கியமான பிரச்சினை எது என்று ஒரே வரியில் எழுதச் சொன்னார்கள். கணக்கு வேலை பார்க்கும் தம்பி பில் என்று எழுதினார், லோரி ஓட்டுகிற அண்ணன் நேரம் என்றார், கேட்டரிங் நடத்தும் அக்கா ரசத்தைத் தவிர வேறு எதையுமே பேசவில்லை. கடிதத்தை எழுதியவர் கடைசி வரியில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்: என் சம்பந்தி முன்னால் எனக்கு ஏற்பட்ட தலைகுனிவுக்கு யார் வந்து மன்னிப்பு கேட்பது? அந்த வரியை எங்கள் மேசையில் ஒருவருமே எடுத்து எழுதவில்லை. அக்கா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதைப் பயிற்றுநர் சும்மா விளையாட்டாக விட்டுவிடவில்லை. 1958-இல் டியர்பார்ன், ஹெர்பர்ட் சைமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒரு நிறுவனத்தின் 23 நிர்வாகிகளிடம் ஒரே வணிகச் சூழல் விவரத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்ன ஆய்வை விளக்கினார். விற்பனைப் பிரிவுக்காரர்கள் 6 பேரில் 5 பேர் விற்பனைதான் பிரச்சினை என்றார்களாம். அதே தாள், அதே எழுத்து!

அடுத்து மேசையில் பாட்டைத் தட்டிக் காட்டும் பயிற்சி. ஒருவர் பழைய எம்.ஜி.ஆர். பாட்டு ஒன்றை மனசுக்குள் பாடிக்கொண்டே விரலால் தட்டுவார், எதிரே இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். தட்டுகிறவருக்கு இசையோடு சேர்ந்து கேட்கிறது, எதிரில் உள்ளவருக்கு வெறும் டொக் டொக். எலிசபெத் நியூட்டன் என்ற உளவியல் ஆய்வு மாணவி 1990-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதைச் செய்தபோது, பாதியாவது கண்டுபிடிப்பார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்களாம், 120 பாட்டில் கண்டுபிடித்தது 3 மட்டுமே. நாம் புலனத்தில் அனுப்புகிற "அந்த ஆர்டர், போன தடவை மாதிரியே" என்கிற செய்தியும் வேலையாளுக்கு இப்படித்தான் போய்ச் சேரும். அதனால் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். மறுநாளே கடையில் செய்து பார்க்கலாம், செலவே இல்லை.

சாப்பாட்டுக்கு அப்புறம் தரம் இறங்கியது. பேச்சில் 93 விழுக்காடு உடல்மொழியும் குரலும்தான், சொல்லுக்கு 7 விழுக்காடுதான் என்று பெரிய எழுத்தில் திரையில் போட்டார்கள். இது தவறு. அந்தக் கணக்குக்கு மூலமான, மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-இல் செய்த ஆய்வுகள் ஒருவருக்கு நம்மைப் பிடிக்கிறதா இல்லையா என்ற உணர்ச்சி எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றியவை. எல்லாப் பேச்சுக்கும் அந்தக் கணக்கைப் பொருத்தக்கூடாது என்று அவரே சொல்லியிருக்கிறார். விலை, தேதி, அளவு பேசும்போது சொல்தானே எல்லாம்? பிறகு, வாடிக்கையாளர்களைப் பார்ப்பவர், கேட்பவர், தொட்டு உணர்பவர் என்று மூன்றாகப் பிரித்து ஆளுக்கேற்ற மாதிரி பேசச் சொன்னார்கள். மாணவர்களை அப்படிப் பிரித்துப் பாடம் நடத்தினால் பலன் கிடைக்கும் என்பதற்கே போதிய சான்று இல்லை என்று 2008-இல் உளவியலாளர்கள் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். காலையில் அவ்வளவு கவனமாகச் சான்று காட்டிய இடம் மதியம் இதை விற்பது எனக்கு வருத்தமாகவே இருந்தது. நம் ஆட்கள் கைக்காசு போட்டு வருகிறார்கள், அவர்களுக்குச் சரியானதைத்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. கோலாலம்பூரில் எந்தத் தமிழ்க்கடையில் தமிழ் மட்டும் பேசி வியாபாரம் நடக்கிறது? சமையல்கட்டில் வங்காளதேசத் தம்பிகள், சரக்கு கொடுப்பவர் சீன தவுக்கே, வாடிக்கையாளர் மலாய்க்காரர். கலப்பு மலாயில் ஆர்டர் சொல்லும்போது எது எங்கே விழுந்துபோகிறது என்பதற்கு ஒரு பயிற்சிகூட இல்லை. எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது அதுதான்.

இருந்தாலும் போகலாம் என்றே சொல்வேன், அந்தக் கடிதப் பயிற்சி ஒன்றுக்காகவே. முடிந்தால் முதலாளி தனியாகப் போகாமல் கல்லாவில் இருப்பவரையும் டெலிவரி பார்ப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரே கடை ஆட்கள் சேர்ந்து படிக்கும்போதுதான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். எச்.ஆர்.டி. கார்ப் (மனிதவள மேம்பாட்டுக் கழகம்) வசூலிக்கும் பயிற்சி லெவியைக் கட்டுகிற நிறுவனமாக இருந்தால், கட்டணத்தை அதில் கோர முடியுமா என்று பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், பயிற்சி தொடங்குவதற்கு முன் விண்ணப்பம் போட வேண்டும். காரை எடுக்காதீர்கள். துன் சம்பந்தன் மோனோரயில் நிலையத்தில் இறங்கினால் நடை தூரம்தான்.